சொல்லிக்காமப் போயிரணும்

அவள் சொன்னது 'வாங்க' என்றா, 'வாரேன்' என்றா என்பதில் காசிராஜனுக்கு நிச்சயமில்லை. நடந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. எடுத்துப் பார்க்கப் பார்க்க ஞாபகத்தின் விளிம்பும் தேய்ந்துவிடுகிறது. சில நாள் அவள் கதவோரம் உட்கார்ந்திருந்ததாகத் தோன்றும், சில நாள் நின்றிருந்ததாகத் தோன்றும். சேலை மஞ்சளா பச்சையா என்றுகூட அடித்துச் சொல்ல முடியாது. உதடு மட்டும் அப்படியே இருக்கிறது. 'வா' என்று திறந்து, முடியும்போது இரண்டு ஓரமும் லேசாக இழுபட்ட உதடு.

மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் குழப்பம் புரியும். காசிராஜன் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் பதினாலு வருஷம் ஃபிட்டராக இருந்தவர். அந்த இரைச்சலில் பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. ஆகவே அங்கே எல்லோரும் உதட்டால்தான் பேசிக்கொள்வார்கள். அந்தக் கோடியில் ஒருத்தி சத்தமில்லாமல் உதட்டை அசைப்பாள், இந்தக் கோடியில் ஒருவன் விழுந்து விழுந்து சிரிப்பான். இடது காது மந்தமாகி, மில்லைவிட்டு நின்று, பூட்டு, கைப்பிடி, கீல் ரிப்பேர் பார்க்க ஆரம்பித்த பிறகும் காசிராஜனுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. பேசுகிறவர்களின் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார்.

'வாங்க', 'வாரேன்' இரண்டும் உதட்டுக்கு ஏறக்குறைய ஒன்று. 'வா'வுக்கு வாய் திறக்கும். மிச்சமெல்லாம் நாக்கும் தொண்டையும் உள்ளே செய்கிற வேலை. 'ரேன்' என்னும்போது மட்டும் ஓரம் கொஞ்சம் இழுபடும். ஆனால் 'வாங்க' என்று சொல்லிவிட்டு ஒருத்தி சிரித்தாலும் அதே மாதிரிதான் இழுபடும்.

புறப்படுகிறவர் 'வாரேன்' என்பார், இருக்கிறவர் 'வாங்க' என்பார். 'போறேன்' என்று நம் பக்கத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அன்றைக்குப் புறப்பட்டவர் காசிராஜன். இருந்தவள் அவள். அப்படியென்றால் அவள் 'வாங்க' என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

சொல்லிவிட்டுச் சிரித்திருக்க வேண்டும்.

*

அந்த வீடு ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டைவிட்டு, வன்னியம்பட்டிப் பக்கம் பிரிகிற பாதையில், பருத்திக்காட்டுக்கு நடுவில் இருந்தது. சங்கரலிங்கம் என்பவர் அங்கே சின்னதாக ஒரு நூல் மில் நடத்தினார். மில் காம்பவுண்டுக்குள்ளேயே வீடு. ராத்திரி பகல் ஓடுகிற மில்லின் இரைச்சலில் புது மருமகள் தூங்க முடியாமல் தவிக்கிறாள் என்று, மகன் மொட்டைமாடியில் ஒரு ஏசி ரூம் கட்டி, பம்பாயிலிருந்து ஆள் வரவழைத்து, கதவு ஜன்னல் எல்லாவற்றுக்கும் இரட்டைக் கண்ணாடி போட்டிருந்தான். ஒரு கண்ணாடிக்கும் அடுத்த கண்ணாடிக்கும் நடுவே விரல் கனத்துக்கு இடைவெளி விட்டு, சுற்றிலும் ரப்பர் வைத்து அடைத்த வேலை. வெளியே வெடி போட்டாலும் உள்ளே கேட்காது என்று சங்கரலிங்கம் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வாராம்.

தொண்ணூற்றிரண்டு ஆனி மாசத்தில் காசிராஜன் முதல் தடவை அங்கே போனார். கதவின் உள்பக்கத்துக் கைப்பிடி சும்மா சுற்றியது. கழற்றிப் பார்த்தார். வெளிக் கைப்பிடியையும் உள் கைப்பிடியையும் சேர்த்துப் பூட்டின் நாக்கை இழுக்கிற சதுரக் கம்பி முனை மழுங்கிப் போயிருந்தது. அந்த அளவுக் கம்பி ராஜபாளையத்தில் எந்தக் கடையிலும் கிடைக்காது. லேத்துப் பட்டறையில் சொல்லிக் கடைய வேண்டும். பையைத் துழாவியதில் அதே கனத்தில் பழைய துண்டு ஒன்று அகப்பட்டது. நீளம்தான் அரை விரற்கடை குறைவு. ஹாக்ஸா பிளேடால் முனையை நறுக்கி, அரம் போட்டு மாட்டினார். வெளிக் கைப்பிடி பூப்போலத் திரும்பியது. உள் கைப்பிடிக்குக் கம்பி நகக்கண் அளவுதான் எட்டியது.

"உள்ளேயிருந்து தொறக்கணும்னா கைப்பிடியை அமுக்கி, மேலே தூக்கித் திருப்பணும்மா" என்று மருமகளுக்குக் காட்டிக் கொடுத்தார்.

சோழபுரத்துப் பெண். பேர் சந்தனம். இருபத்தி இரண்டு வயது இருக்கலாம். இரண்டு தடவை திருப்பிப் பார்த்தாள். ஒரு தடவை திறந்தது.

"அவசரத்துக்கு எனக்கு வராது போலிருக்கே, அண்ணாச்சி."

"இது தற்காலிகந்தான். ரெண்டு நாள்ல புதுக் கம்பி கடைஞ்சு கொண்டுட்டு வாரேன்."

"கட்டாயம் வரணும். நீங்கபாட்டுக்கு மறந்துறாதீக."

"வாரேன்மா" என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு இறங்கினார்.

கீழே மாமியார் ஆவுடையம்மாள் அவரை வெயிலில் முக்கால் மணி நேரம் நிறுத்தி வைத்தாள். தண்ணீர் கேட்டதற்குத் தோட்டக் குழாயைக் கை காட்டினாள். "ஏய் பூட்டுக்காரா, செருப்பை அங்கயே விட்டிருக்கலாம்லா? மாடிப்படி பூரா ஒன் கால்தடந்தான்" என்றாள். வண்டிக்காரன், வாட்ச்மேன், தோட்டக்காரன் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கம்பியை அவர் கடையத்தான் செய்தார். மறுநாளே பட்டறையில் கொடுத்து வாங்கி, காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்தார். கொண்டுபோய் மாட்டத்தான் மனசு வரவில்லை. வேண்டுமென்றால் ஆள் விடட்டும் என்று இருந்துவிட்டார். ஒரு வாரம் போனது. ஒரு மாசம் போனது. வேறு வேலைக்குப் பையைத் திறக்கும்போதெல்லாம் காகிதப் பொட்டலம் கையில் தட்டுப்படும். தள்ளிவிட்டுத் திருப்புளியை எடுத்துக்கொள்வார்.

*

அடுத்த வைகாசியில் ஆள் வந்தது. அதற்கு முந்தின நாள்தான் காசிராஜன் மதுரையிலிருந்து திரும்பியிருந்தார். மகள் முத்துப்பேச்சிக்குத் தலைப்பிரசவம், சிக்கலாகி, பெரியாஸ்பத்திரியில் ஒரு மாசம் கிடந்து, தாயும் பிள்ளையும் பிழைத்ததே பெரிது என்று வீடு வந்து சேர்ந்திருந்தார்கள். பெண் குழந்தை. பின்கட்டு அறையில் ஜன்னலைச் சாத்தி, கதவைச் சாத்தி, காற்று அண்டாமல் இருவரையும் படுக்க வைத்திருந்தாள் அவர் மனைவி பரிபூரணம். வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. குளிக்காமல் யாரும் உள்ளே வரக் கூடாது என்று அவள் உத்தரவு.

அந்த வாசலுக்கு வெளியே நின்றுதான் மில் வீட்டுக் கார் டிரைவர் இருளப்பசாமி கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, மாடி ரூம் கதவு தொறக்க மாட்டேங்குது. பண்ணினவனையே கூட்டிட்டு வான்னு பெரியம்மா சொல்லிட்டாவ."

'பண்ணினவனையே.' சொன்ன விதம் காசிராஜனுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பையில் கம்பி இருந்தது. பதினோரு மாசத்துக் கடன் இன்றைக்குத் தீர்ந்துவிடும் என்று மொபெட்டை எடுத்தார்.

உச்சிப்பொழுது. காம்பவுண்டு கேட்டுக்குள் நுழைந்ததும் ஏதோ சரியில்லை என்று பட்டது. என்னவென்று பிடிபடச் செத்த நேரம் ஆயிற்று. மில் ஓடவில்லை. வலது காது நிறைய வந்து விழ வேண்டிய இரைச்சல் இல்லை. பருத்தித் தூசி மரங்களின்மேல் அசையாமல் படிந்திருந்தது. மேற்கே மலை வெயிலில் வெளுத்துத் தெரிந்தது. எங்கோ ஒரு குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம்கூடக் கேட்கிற அளவுக்கு அந்த இடம் அமைதியாக இருந்தது. மில் லீவு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஆவுடையம்மாள் மாடிப்படியின் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் இல்லாத தலை. அவரைப் பார்த்த பார்வையில் பழைய இளக்காரம் இல்லை. வேறு ஏதோ இருந்தது. பிடித்து வைத்த திருடனைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"கைப்பிடியை மட்டும் சரி பண்ணு. கதவைத் தொறக்கப்படாது. தொறக்குறத நாங்க தொறந்துக்கிடுவோம்."

"சரிம்மா."

"முடிஞ்சதும் எறங்கிப் போய்க்கிட்டே இரு. எங்கிட்டயும் சொல்லிக்கப்படாது, யாருகிட்டயும் சொல்லிக்கப்படாது. சொல்லிக்காமப் போயிரணும். காதுல விழுந்துச்சா, செவிட்டுப் பயலே?"

முகத்தில் காறித் துப்பியது மாதிரி இருந்தது அவருக்கு. பிச்சைக்காரன்கூட 'வாரேன் தாயி' என்று சொல்லிவிட்டுத்தான் போகிறான். பல்லைக் கடித்துக்கொண்டு படியேறினார்.

மொட்டைமாடித் தளம் செருப்பைத் தாண்டிச் சுட்டது. கண்ணாடிக் கதவு முழுக்க வெள்ளை வெளேரென்று ஆவி படிந்திருந்தது. ரப்பர் விட்டுப்போனால் ஈரம் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே புகுந்துகொண்டு இப்படி வேர்க்கும் என்பது அவருக்குத் தெரியும். பனிக்காலத்தில் என்றால் சரி. வைகாசி வெயிலில் எந்த ஈரம்?

அந்த ஆவியில் கைத்தடங்கள் இருந்தன. விரல் விரித்துப் பதித்தவை, கீழ்நோக்கி இழுபட்டவை, ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு. துண்டால் துடைத்தார். போகவில்லை. அப்படியென்றால் உள்பக்கத்துத் தடம். முகத்தைக் கிட்டத்தில் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தார். உள்பக்கத்திலும் இல்லை. இரண்டு கண்ணாடிக்கும் நடுவே, விரல் நுழையாத அந்த இடைவெளிக்குள் பதிந்திருந்தன.

ரப்பர் உருகி அப்படித் தெரிகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்து பையைத் திறந்தார்.

வெளிக் கைப்பிடியைத் திருப்பினார். நாக்கு நகரவில்லை. திருகுகளைக் கழற்றித் தகட்டை எடுத்தார். அவர் நறுக்கிப் போட்ட குட்டைக் கம்பி தானாக வழுகிக் கையில் வந்து விழுந்தது. சூடாக இருந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கம்பி இருந்த துளை வழியே உள்ளேயிருந்து காற்று வந்தது. அடுப்பைத் திறந்தது மாதிரிக் காற்று. கூடவே நல்லெண்ணெய் கருகின வாடை.

ஏசி ஓடவில்லையா?

நிமிர்ந்தார். ஆவியில் ஓரிடம் மட்டும் துடைத்துவிட்டது போலத் தெளிவாக இருந்தது. சற்று முன் அது அப்படி இருந்ததா என்று அவருக்கு ஞாபகமில்லை. அந்தத் தெளிவுக்குப் பின்னால் சந்தனம் இருந்தாள்.

தரையோடு தரையாக, கதவில் தோளைச் சாய்த்து. முகமெல்லாம் வேர்வை. முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. உதடு அசைந்தது.

'இன்னைக்குத்தான் வந்தீகளா, அண்ணாச்சி?'

காசிராஜனுக்கு வெட்கமாகிவிட்டது. மில் பழக்கத்தில் அவரும் சத்தமில்லாமல் உதட்டாலேயே பதில் சொன்னார்.

'தப்புதாம்மா. கம்பி கொண்டாந்துட்டேன்.'

'வேகுது.'

'செத்த நேரம் பொறுங்க.'

காகிதத்தைப் பிரித்துப் புதுக் கம்பியை எடுத்து எண்ணெய் தடவினார். இந்தப் பெண்ணை உள்ளே போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்கள். மாமியாருக்கும் மருமகளுக்கும் என்ன தகராறோ. அதனால்தான் திறக்கக் கூடாது என்கிறாள் பாதகத்தி. படியின் கீழே எட்டிப் பார்த்தார். ஆவுடையம்மாள் அசையாமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

துளைக்குள் கம்பியைச் செலுத்தினார். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பக்கத்துக் கைப்பிடியின் குழியைத் தேடிப் பிடிப்பதுதான் இதில் கஷ்டம். நாலைந்து தடவையாவது முட்டும். அன்றைக்கு முட்டவில்லை. அந்தப் பக்கம் யாரோ கைப்பிடியைச் சரியாகப் பிடித்துக் கொடுத்தது போலக் கம்பி ஒரே போக்கில் போய் உட்கார்ந்தது.

ஆனால் அவள் இரண்டு கையையும் மடியில் வைத்திருந்தாள்.

'தொறங்க' என்றது உதடு.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கண்ணாடி வழியாகச் சத்தம் வராது. சரி. கைப்பிடித் துளை திறந்துதானே இருந்தது இவ்வளவு நேரமும்? அதன் வழியாகக் காற்று வந்தது, வாடை வந்தது. குரல் ஏன் வரவில்லை? நல்ல காதைத் துளையோரம் வைத்தார். மூச்சுச் சத்தம்கூட இல்லை.

காது மந்தம் வலப்பக்கமும் பரவிவிட்டது என்று நினைத்தார். அப்படி நினைத்துக்கொள்வது அந்த நேரத்துக்குச் சௌகரியமாக இருந்தது. அவசர அவசரமாகத் தகட்டை மாட்டி முடுக்கினார்.

'தொறங்க.'

கை கைப்பிடியில் இருந்தது. ஒரு திருப்புத் திருப்பினால் போதும். கீழே ஆவுடையம்மாள் உட்கார்ந்திருக்கிறாள். பெரிய இடத்து விவகாரம். திறந்துவிட்டால் வாட்ச்மேனை விட்டு அடிப்பார்கள், திருட்டுக் கேஸ் போடுவார்கள். வீட்டில் பச்சைப்பிள்ளை இருக்கிறது. கையை எடுத்துவிட்டார்.

'இனி உள்ளேயிருந்தே திருப்பலாம்மா. சரியாயிட்டு. அவிய அந்தப்பக்கம் போனதும் நீங்களே தொறந்துக்கிடுங்க. எனக்கு வீட்ல பிள்ளை பெத்த மக இருக்கா, போகணும்.' பையைத் தோளில் மாட்டினார். சொல்லிக்காமல் போகச் சொன்னது ஞாபகம் வந்தது. கூடவே கோபமும் வந்தது. வேண்டுமென்றே நின்று, உதட்டை நன்றாக விரித்துச் சொன்னார்.

'வாரேன்.'

அவள் அவரை அண்ணாந்து பார்த்தாள். உதடு திறந்தது. ஓரம் இழுபட்டது.

*

பாதிப் படி இறங்கும்போது மேலே 'டொளக்' என்றது. பூட்டின் நாக்கு இழுபட்டு விடுபடுகிற சத்தம். கைப்பிடி நன்றாகத்தான் வேலை செய்கிறது.

ஆவுடையம்மாள் எழுந்து நின்றிருந்தாள். அவளுக்கும் கேட்டிருக்கிறது. காசிராஜன் அவள் எதிரே போய் நின்று, மில்லில் ஷிஃப்ட் முடிந்து சூப்பர்வைசரிடம் சொல்கிற மாதிரி, ஊருக்கே கேட்கச் சொன்னார்.

"வாரேன்மா."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு, முதுகிலிருந்து நெல் மூட்டையை இறக்கி வைத்தவள் மாதிரி, ஒரு பெருமூச்சு விட்டாள்.

"மேலயும் சொன்னியா?"

"சொன்னேன். அதுல என்ன குத்தம்?"

"ஒரு குத்தமும் இல்ல. ஒன் வாயால நீயே சொல்லிட்ட. நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன், அதுக்கு இந்தா இவன் சாட்சி." இருளப்பசாமியைக் கை காட்டினாள். "இனி அது ஒன்பாடு. போ."

முதல் தடவையாக அவளே வந்து அவருக்கு கேட்டைத் திறந்துவிட்டாள்.

ரோட்டு முக்கில் டீக்கடைப் பக்கம் இருளப்பசாமி சைக்கிளில் துரத்திக்கொண்டு வந்து மறித்தான். மூச்சு வாங்கியது.

"என்ன அண்ணாச்சி இப்படிப் பண்ணிட்டீக? துட்டி வீட்ல போய் யாராவது வாரேன்னு சொல்லுவாகளா?"

"துட்டி வீடா? யாரு செத்தா?"

அவன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"ஒங்களுக்குத் தெரியாதா? மருமகப் பொண்ணுதான். பன்னெண்டு நாளாச்சு. மாசமா வேற இருந்துச்சு."

எல்லோரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்களாம். பதினோரு மணிக்கு கரண்ட் போனது. மில்லுக்கு ஜெனரேட்டர் உண்டு, வீட்டுக்குக் கிடையாது. ஏசி நின்றது. காற்றுப் புகாத ரூம். மொட்டைமாடி வெயில். உள்பக்கத்துக் கைப்பிடி சும்மா சுற்றியது. கண்ணாடியில் அடித்திருக்கிறாள். கத்தியிருக்கிறாள். கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது. பொழுது அடைந்து வந்து பார்த்தபோது கதவோரம், தோளைச் சாய்த்து.

"எடுத்த அன்னைக்கு அந்த எடத்துல வெளக்கு வச்சாவ. பதினாறு வரைக்கும் எரியணும்லா? எட்டாம் நாள்ல இருந்து கதவு தொறக்கல. உள்ள வெளக்கு அணைஞ்சு கெடக்கு. அதுக்குத்தான் ஒங்களை..."

காசிராஜன் சட்டைப் பையைத் தொட்டார். குட்டைக் கம்பியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

பை காலியாக இருந்தது.

*

துட்டிக்குப் போனவன் குளிக்காமல் பிள்ளை பெத்த வீட்டுக்குள் நுழையக் கூடாது. தெருக்குழாயில் சட்டையோடு உட்கார்ந்து தலையில் தண்ணீரை ஊற்றினார். குடம் குடமாக ஊற்றினார். குழாயடியில் நின்ற பெண்கள் ஒதுங்கினார்கள். ஈரத்தோடு வாசலில் போய் நின்று கூப்பிட்டார். பரிபூரணம் அடுப்படியிலிருந்து வந்தாள்.

"இப்பத்தான் வாரீகளா? அப்பவே வந்தீகளே."

"எப்ப?"

"செத்த முன்னால. வாசல்ல 'வாரேன்'னு சத்தம் கேட்டுச்சு. ஸ்டவ்வு இரைச்சல்ல ஆம்பிளைக் குரலா பொம்பிளைக் குரலான்னு தெரியல. 'வாங்க'ன்னுட்டு வந்து பார்த்தா ஆளைக் காணும். நீங்கதான் வண்டியை நிப்பாட்டப் போயிருக்கீகன்னு நெனச்சேன்."

"வாங்கன்னு சொன்னியா?"

"வேற எப்படிச் சொல்ல? ஏன், மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

அவர் அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். பின்கட்டு அறைக் கதவு சாத்தியிருந்தது. அந்தக் கதவுக்கு அவரே ஒரு நல்ல கைப்பிடிப் பூட்டுப் போட்டிருந்தார். பிடித்துத் திருப்பினார்.

சும்மா சுற்றியது.

"பேச்சி!"

உள்ளே ஏதோ உரசியது. கதவின் அடியில், தரையை ஒட்டி.

"அப்பா." குரல் வறண்டு வந்தது. "கைப்பிடி சும்மா சுத்துதுப்பா."

"தள்ளி நில்லு தாயி. இந்தா தொறக்கேன்."

"வேகுதுப்பா."

பையைத் திறந்தார். திருப்புளி நழுவியது. ஒரு திருகு. இரண்டு. கதவுப் பலகை உள்ளங்கையைச் சுட்டது. பரிபூரணம் பின்னால் நின்று அழ ஆரம்பித்தாள். மூன்றாவது திருகு. தகடு விழுந்தது. துளையிலிருந்து காற்று. அதே காற்று. அதே கருகின எண்ணெய்.

சதுரக் கம்பி வழுகி, அவர் கையில் வந்து விழுந்தது.

அவர் போட்ட கம்பி இல்லை. அரை விரற்கடை குட்டை. முனையில் ஹாக்ஸா பிளேடு இழுத்த தடம். அவர் அரம். அவர் கை.

பிறகு திருப்புளியை எறிந்துவிட்டுக் கடப்பாரையை எடுத்தார். நாலு அடி. நிலை பெயர்ந்தது. கதவு உள்ளே சரிந்தது.

முத்துப்பேச்சி கதவோரம் கிடந்தாள். தோள் சாய்ந்து. முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. மூச்சு இருந்தது. பரிபூரணம் அவளை வாரி எடுத்து முகத்தில் தண்ணீர் அடித்தாள்.

பிள்ளை தொட்டிலில் இருந்தது. அழவில்லை. அந்தச் சூட்டில் அதன் மேல் ஒரு பொட்டு வேர்வை இல்லை. கடப்பாரைச் சத்தத்துக்கு அது முழித்திருக்க வேண்டும். கண் மூடித்தான் இருந்தது. உதடு மட்டும் அசைந்தது. திறந்தது. ஓரம் இழுபட்டது. மறுபடி திறந்தது. ஓரம் இழுபட்டது.

பரிபூரணம் அந்த அழுகையிலும் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"ஒண்ணுமில்ல. தூக்கத்துல சிரிக்குது. நரி வெரட்டுது."

காசிராஜன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

*

சங்கரலிங்கம் அடுத்த வருஷம் வாதம் வந்து இறந்துபோனார். மில்லைக் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வாங்கினார். மாடி ரூமை இடித்துவிட்டார்கள். கண்ணாடிகளைப் பழைய சாமான்காரன் எடுத்துக்கொண்டு போனான். ஆவுடையம்மாள் மகனோடு சென்னையில் இருக்கிறாள், சௌகரியமாக இருக்கிறாள் என்கிறார்கள். அவனுக்கு மறு கல்யாணம் ஆகி இரண்டு பையன்கள். இருளப்பசாமி ஸ்ரீவில்லிபுத்தூரில் சொந்தமாக வாடகைக் கார் ஓட்டுகிறான். காசிராஜனைப் பார்த்தால் பார்க்காதது போலப் போய்விடுவான்.

காசிராஜன் பூட்டு வேலையை விட்டுவிட்டார். தன் வீட்டுக் கதவுகளில் ஒரு கைப்பிடி, ஒரு தாழ்ப்பாள்கூட இல்லாமல் கழற்றிவிட்டார். பரிபூரணம் கதவுக்குச் செங்கல்லை முட்டுக் கொடுத்துக்கொண்டு அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். முத்துப்பேச்சி தேறி, தளவாய்புரத்தில் புருஷன் வீட்டில் தையல் வேலை பார்க்கிறாள். அன்றைக்கு அந்த அறையில் என்ன நடந்தது என்று அவளுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. பிள்ளைக்குச் சந்தனம் என்று பேர் வைத்தாள். எங்கே கேட்ட பேர் என்றால் தெரியவில்லை, வாயில் வந்தது என்கிறாள். அதற்கு முன் அந்தப் பேரை அந்த வீட்டில் யாரும் உச்சரித்தது கிடையாது.

பேத்தி நன்றாக இருக்கிறாள். பேச்சு வந்தது, பள்ளிக்கூடம் போகிறாள், பாட்டுப் பாடுகிறாள். அவள் பேசும்போது காசிராஜன் அவள் காலைப் பார்ப்பார், சுவரைப் பார்ப்பார். ஆறு வருஷத்தில் ஒரே ஒரு நாள் தவிர அவள் வாயைப் பார்த்ததில்லை.

போன ஐப்பசியில் லீவு முடிந்து அவர்களைப் பஸ் ஏற்றிவிடப் போயிருந்தார். நல்ல மழை. பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியை எல்லாம் இறக்கி மூடியிருந்தார்கள். கண்ணாடி வேர்த்து வெள்ளையாக இருந்தது. பஸ் நகரப் போகிற நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு சின்னக் கை ஓரிடத்தைத் துடைத்தது. பேத்தியின் முகம் தெரிந்தது. முத்துப்பேச்சி பக்கத்தில் உட்கார்ந்து பையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பிள்ளை பேசுவது காதில் விழுந்த மாதிரி அவள் திரும்பவில்லை.

புறப்படுகிற பிள்ளை. 'வாரேன்' என்றுதான் சொல்லும். அன்றைக்குக் காசிராஜன் பார்த்துவிட்டார். உதடு திறந்தது. அவருக்காகவே, நன்றாக விரித்து, நிறுத்தி நிறுத்தி, இரண்டு தடவை சொன்னது. ஓரம் இழுபட்டது.

'வாங்க' இல்லை. 'வாரேன்'னும் இல்லை.

'வந்துட்டேன்.'